மூன்றாவது கியர்

"தொழுதுட்டு வந்துடுறேன்க்கா. ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீங்க ஒரு முடிவுக்கு வந்துடுங்க" என்று சொல்லி, சோப்புத்தூள் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி, ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிக்கந்தர் பாய் போய்விட்டார். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டிருந்தார். அதற்குக் கீழே வெயில் ஒரு முழம் உள்ளே வந்து நின்றது. அமலோற்பவம் பிளாஸ்டிக் நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையில் சாக்கின்மேல் அவளுடைய காரின் கியர் பாக்ஸ் மூடி கழற்றிக் கிடந்தது. இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு நடுத்தரப் பலாப்பழம் அளவு. பதினான்கு வருஷமாக இந்த ஒரே வண்டியை வைத்துத் தேனியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள், நாளொன்றுக்கு நூறு தடவையாவது கியர் கியர் என்று சொல்கிறாள், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, அவசரப்படாதீங்க, கிளட்சை முழுசா மிதிங்க, ஆனால் அந்தக் கம்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான். வட்டம் வட்டமாகப் பல் வைத்த சக்கரங்கள், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு. எண்ணெய் வாடை. தீக்குச்சி உரசினாற்போல ஒரு காந்தல், அதற்கடியில் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒன்று. தட்டில் வடித்து வைத்திருந்த எண்ணெயில் ஜிகினாத் தூள் போல என்னவோ மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது. பாய் அதில் விரலைத் தொட்டு வெளிச்சத்தில் காட்டி, "இதெல்லாம் பல்லுதான்க்கா. பொடியாப் போன பல்லு" என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு நாக்கு தானாகத் தன் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

என்ன முடிவுக்கு வருவது? பேரிங்கை மட்டும் மாற்றிப் பூட்டிக் கொடுத்தால் சத்தம் குறையும், நாளைக்கே வண்டியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்றாவது கியர் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரும் என்றார் பாய். மதுரையில் கழற்றிப் போட்ட வண்டிகளிலிருந்து ஒரு பாக்ஸைப் பார்த்து எடுத்து வந்தால் இரண்டு நாளில் மாட்டிவிடலாம், ஆனால் அதை யார் எப்படி ஓட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? இதையே முழுதாகப் பிரித்துத் தேய்ந்ததையெல்லாம் புதிதாகப் போடுவதென்றால் சாமான் வர வேண்டும், பத்து நாளாகும். பத்து நாள் வகுப்பு கிடையாது என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? புதன்கிழமை இரண்டு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கிறது. அவர்கள் இந்த வண்டியில்தான் பழகியிருக்கிறார்கள். வேறு வண்டியில் ஏற்றினால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தடவுவதற்குள் எட்டு போடும் இடம் வந்துவிடும். அப்படியானால் பேரிங். பேரிங் மட்டும் போதும். புதன்கிழமை கழியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது. இப்படி அவள் மனம் ஒரு வழியாக ஓர் இடத்தில் போய் உட்காரப் பார்த்தபோது, பாய் போவதற்கு முன்னால் சொன்ன இன்னொன்று அதை எழுப்பிவிட்டது. மூன்றாவது கியரின் பல்லை அவள் விரலைப் பிடித்து வைக்காத குறையாகக் காட்டி, "தொட்டுப் பாருங்க, முனை எப்படி மழுங்கிப் போச்சுன்னு. எவ்வளவு அழுத்திப் போட்டாலும் இது நிக்காது. ஓட்டுறவங்க மேல தப்பே இல்ல" என்றார். தப்பே இல்ல. சாதாரணமாகத்தான் சொன்னார், இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோல.

அதற்கப்புறம்தான் அவர் கேட்டார். "எத்தனை நாளாக்கா இப்படி?" அவள், "இப்பத்தான் பாய். ஒரு மாசம் இருக்கும்" என்றாள். "லிவரைக் கையால பிடிச்சுக்கிட்டே ஓட்டுனீங்களா?" "இல்லையே." அவர் வளைந்த ஒரு கவையை எடுத்து, அதுதான் கியரை நகர்த்தும் ஃபோர்க் என்று சொல்லி, டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. கையை வச்சு அழுத்தி ஓட்டினாத்தான் இப்படித் தேயும். அப்ப யாராவது கத்துக்கிற ஆளு பண்ணியிருக்கும், இல்லையா?" "இருக்கும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பாங்கு சொல்லிவிட்டார்கள், அவர் கிளம்பிவிட்டார். இருக்கும் என்று ஏன் சொன்னாள்? பொய் என்று கூடச் சொல்ல முடியாது. இருக்கலாம்தானே. பதினான்கு வருஷத்தில் எத்தனை கை அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும்! அவளுக்கு முகங்கள் மறந்துபோகும், கடைத்தெருவில் யாராவது "டீச்சர் நல்லாருக்கீங்களா" என்றால் சிரித்து வைப்பாள், ஆனால் கை மறக்காது. இடப்பக்கம் உட்கார்ந்து தன் வலது உள்ளங்கையை அவர்கள் இடது கைமேல் வைத்துத்தான் அவள் கியர் சொல்லிக் கொடுப்பாள். கூட்டுறவு வங்கிக்காரர் கை எப்போதும் ஈரமாக இருக்கும், கம்பியின் உருண்டையைத் துண்டால் துடைத்துத் துடைத்து வைப்பாள். கல்யாணமான மூன்றாம் நாளே வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் மருதாணிக் கை கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிற்று. ஏலக்காய் வியாபாரி ஒருவர், மாட்டுக் கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்தார், அன்றைக்கே ஏதாவது உடைந்திருக்கும். இவ்வளவு பேர் கை பட்டால் இரும்பு தேயாமல் என்ன செய்யும்? எல்லாரும் சேர்ந்து தேய்த்தது. அப்படிப் பார்த்தால் அது யார் தப்பும் இல்லை. இந்த யோசனை அவளுக்கு இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் பிரசங்கம் கேட்டது, வார்த்தை புரியவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும். அப்புறம் ஒச்சம்மாளின் கை நினைவுக்கு வந்தது.

ஒச்சம்மாளின் கை நடுங்காது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள், நாற்பத்தைந்து வயசிருக்கும். முப்பது பிள்ளைகளுக்குச் சாதம் வடித்து, சிந்தாமல் தட்டில் போட்டுப் பழகின கை. அவள் கணவருக்குச் சர்க்கரை வந்து கண் மங்கிப்போய்விட்டது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. மாதம் இரண்டு தடவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் படுகிற பாட்டைச் சொல்லிவிட்டு, "வண்டி நம்மகிட்டயே நிக்குது டீச்சர், ஓட்டத்தான் ஆளு இல்ல. ஏன், நான் ஓட்டுனா என்ன?" என்று முதல் நாள் கேட்டாள். இருபது வகுப்பு வந்தாள். ஒரு தடவை சொன்னால் போதும், மறுநாள் அதைக் கொண்டுவந்து காட்டுவாள். கடைசி வகுப்புகளில் அமலோற்பவம் அவளைக் கணவாய் வரைக்கும் கூட்டிப் போனாள், எப்படியும் மதுரைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும், ஏற்ற இறக்கம் பழகட்டும் என்று. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. ஏறி முடித்து, இறக்கம் தொடங்குகிற இடத்தில், ஒச்சம்மாள் சொல்லிக் கொடுத்தபடியே நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள். வண்டி அடங்கி இறங்கியது. முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போனது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டக்கென்று ஒரு சத்தம், கம்பி தானாகப் பின்னால் துள்ளி நடுவில் வந்து நின்றது, பிடித்து வைத்திருந்த கயிற்றை விட்டமாதிரி வண்டி ஓடியது. ஒச்சம்மாள் "டீச்சர்" என்றாள், கத்தவில்லை, சொன்னாள். அமலோற்பவத்தின் கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் சொல்லிக் கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வண்டி நின்றபோது பச்சை வாழைத்தாரின் நுனி கண்ணாடிக்கு நேராகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதன் கறுத்த பூக்காம்புகளைக்கூட எண்ணியிருக்கலாம். லாரிக்காரனுக்கு எதுவுமே தெரியாது, அவன் பாட்டுக்குப் போய்விட்டான். அப்போது அமலோற்பவம் சொன்னாள், "கியரை முழுசாப் போடல நீங்க. அரைகுறையாப் போட்டா இப்படித்தான்."

சொன்னது அவள் வாய்தான். யோசித்துச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. தன் கை மடியில்தான் இருந்தது, ஒச்சம்மாள் எப்படிப் போட்டாள் என்று தனக்கு என்ன தெரியும், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அரைகுறையாகப் போடுவது நடப்பதுதான். ஒச்சம்மாள் வண்டியை ஓரம் கட்டினாள். ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்து அதையே பார்த்தபடி, "எனக்கு இது வராதா டீச்சர்?" என்று கேட்டாள். அமலோற்பவம் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் குரல் என்னவாக வருமோ என்றிருந்தது. இடம் மாறி உட்கார்ந்து தானே வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒச்சம்மாள் வழி நெடுகச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும். போன் செய்ததற்கு, "வேணாம் டீச்சர். நான் ஓட்டப் போயி அவரைக் கொண்டுக்கிட்டு எதுலயாவது விட்டுட்டா? அவருக்குப் பாதிக் கண்ணாச்சும் இருக்கு" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சரி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று வைத்துவிட்டாள்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. "பாய் இல்லையா?" என்றது ஒரு குரல். "தொழுகைக்குப் போயிருக்காரு." "எப்ப வருவாரு?" "வந்துருவாரு, அரை மணி நேரத்துல." கால்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போயின. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள், வெந்நீராக இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று வாங்கிவிட்டால் இந்தப் பாடே இல்லை. இப்போது வருகிற இளசுகள் எல்லாம் அதைத்தானே கேட்கிறார்கள், "மேடம் உங்ககிட்ட ஆட்டோமேட்டிக் இல்லையா?" என்று. கியரே இல்லாத வண்டியில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பு, பிரேக்கை மிதி, போய் வா. ஆனால் அதில் யார் கையையும் யாரும் குறை சொல்ல முடியாது. கை. அவள் கற்றுக்கொண்டது மதுரையில், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் விண்ணப்பம் எழுதுகிற வேலை. அங்கே ஓட்டச் சொல்லிக் கொடுத்த மாஸ்டரின் வண்டியில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும், மாற்றுவதற்குத் தோள் வலிக்கும். எனக்கும் கற்றுக் கொடுங்கள் என்று கேட்டபோது, "பொம்பளைக் கைக்குக் கியர் அடங்காதும்மா. நீ எழுதுற வேலையப் பாரு" என்றார். சிரித்துக்கொண்டே, அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம், கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஆறு மாதம் அவரைத் தொந்தரவு செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழுவிக் கொடுத்து, கற்றுக்கொண்டாள். அந்தக் கதையைத் தன்னிடம் வருகிற பெண்கள் எல்லாரிடமும் முதல் நாள் சொல்வாள். மாஸ்டரின் குரலிலேயே சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விடும். ஒச்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இப்போது அவள் எங்கேயாவது அந்த வியாழக்கிழமையைப் பற்றி யாரிடமாவது சொல்வாளா? டீச்சர் சொன்னாங்க, என் கை சரியில்லன்னு. அதற்கு யார் சிரிப்பார்கள்?

போன் அடித்தது. தேவசகாயம். அவளுடைய கணவர், பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் மெதுவாகக் கேட்கிறவர். "சாப்பிட வரலையா?" "பாய் தொழுகைக்குப் போயிருக்காரு. வந்ததும் சொல்லிட்டு வர்றேன்." "என்னவாம்?" "மூணாவது கியர் தேஞ்சு போச்சாம். பத்து நாள் போட்டாத்தான் சரியா வருமாம்." "போடு, என்ன இப்போ." அவள் மேஜைமேல் கிடந்த ஃபோர்க்கைப் பார்த்தாள். பிறகு, ஏன் கேட்கிறோம் என்று தெரியாமலே, "ஏங்க, நான் ஓட்டுறப்ப கியரைப் பிடிச்சுக்கிட்டா ஓட்டுறேன்?" என்று கேட்டாள். "ஆமா." "ஆமான்னா?" "பிடிச்சுக்கிட்டுத்தானே ஓட்டுவே. கிறிஸ்துமசுக்கு மதுரை போனப்ப வழி நெடுக ஒத்தக் கையாலயே ஓட்டுனே. கை வலிக்கப் போவுதேன்னு நெனச்சேன்." "சொல்லலையே நீங்க?" "உன் பழக்கம்னு நெனச்சேன். நீ டீச்சரு, உனக்கு நான் சொல்றதா?" அவர் சிரித்தார். "ரசம் ஆறிடும், சீக்கிரம் வா" என்று வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ். இப்போது அக்டோபர். அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் ஒரு வட்டமான தடிப்பு. இது எப்போது வந்தது? பத்து மாதமாக, தலைவலிக்கிறவன் நெற்றியைப் பிடித்துக்கொள்வதுபோல அந்தக் கம்பியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். கைக்குத் தெரிந்திருக்கிறது. கைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கணவாயிலிருந்து திரும்பி வந்தபோதும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒச்சம்மாள் மட்டும் சன்னலைப் பார்க்காமல் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் பார்த்திருப்பாள். அவள் திரும்பவில்லை என்பதில் தனக்கு ஒரு நிம்மதி கூட இருந்தது, இருந்ததுதான், இப்போது மறைத்து என்ன? இன்னொன்றும் இருந்தது. அதன் பக்கத்தில் மனம் போய்ப் போய்த் திரும்பியது, கெட்ட நெடி வருகிற அறைவாசலில் நின்று திரும்புகிற மாதிரி. தன் கை மடியில் இல்லை. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குகிற அந்த இடத்தில், முதல் தடவை என்பதால், அவள் தன் கையை ஒச்சம்மாளின் கைமேல் வைத்திருந்தாள். நான்கிலிருந்து மூன்றுக்கு அந்தக் கை நிதானமாக நகர்ந்தது, நடுவில் ஒரு நொடி நின்றது, முன்னால் போனது, முழுதாக, கடைசி வரைக்கும் போய்ப் பொருந்தி நின்றது. உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பொருத்தம் அவளுக்குத் தெரிந்தது. நல்லா போட்டீங்க என்று சொல்லக்கூட வாயெடுத்தாள். சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தாளோ என்னவோ. அதற்கு இரண்டு நிமிஷம் கழித்து, முழுசாப் போடல நீங்க. அமலோற்பவம் எழுந்து நின்றாள். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தாள். ஷெட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. தகரக் கூரை வெயிலில் அங்கங்கே டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. பெரிதாக அழுகை ஒன்றும் வரவில்லை. ஒரு கணக்குப் போட்டு முடித்தால் வருகிற அமைதி மாதிரி, விடை தப்பானதாக இருந்தாலும் போட்டு முடிந்துவிட்டது என்கிற மாதிரி, ஏதோ ஒன்றுதான் வந்தது.

என்ன சொல்வது? இன்னிக்குத்தான் பாய் பிரிச்சுப் பார்த்தாரு ஒச்சம்மா, கியர்லதான் கோளாறாம், உங்க மேல தப்பில்ல, வாங்க. இப்படிச் சொன்னால் போதும். ஒச்சம்மாளுக்கு வேண்டியது இதுதான், அவள் கை நல்ல கை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? தனக்கு முன்னாலேயே தெரியும் என்பது அவளுக்கு எதற்கு? அது தெரிந்து அவள் என்ன செய்யப் போகிறாள்? சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வழவழப்பாக. இந்த டீச்சர் எவ்வளவு நல்லவர், தானே கூப்பிட்டுச் சொல்கிறாரே என்று கூட ஒச்சம்மாள் நினைப்பாள். அந்த இடத்தில்தான் வாய்க்குள் என்னவோ கசந்தது. பயான் முடிந்திருந்தது. தெருவில் ஆட்கள் திரும்பி வருகிற செருப்புச் சத்தம், சைக்கிள் மணி, யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சிக்கந்தர் பாய் குனிந்து ஷட்டருக்குள் வந்தார், அத்தர் வாசனையோடு. "என்னக்கா, முடிவு பண்ணிட்டீங்களா?"

"பாய், கிறிஸ்துமசுக்கு முன்னாடி இருந்தே இப்படித்தான் இருக்கு" என்றாள். "நான்தான் லிவரைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினேன். பிள்ளைங்க யாரும் இல்ல."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டமாதிரி தெரியவில்லை. ஃபோர்க்கை எடுத்து மறுபடி டார்ச் அடித்தார். "அப்ப இதையும் மாத்தணும்க்கா. நல்லவேளை சொன்னீங்க. ஒரு மாசம்னு நீங்க சொன்னதை வச்சு நான் இதை அப்படியே போட்டுரலாம்னு இருந்தேன். போட்டிருந்தா புதுப் பல்லையும் இது தின்னிருக்கும்."

"எல்லாத்தையும் மாத்துங்க. முழுசாப் பிரிச்சு, தேஞ்சது ஒண்ணு விடாம."

"பத்து நாள் ஆகுமே? புதன்கிழமை டெஸ்ட் இருக்குன்னீங்க."

"தள்ளிப் போட்டுக்கிடச் சொல்றேன். முடியாதுன்னா வேற ஸ்கூல்ல கேட்டு வண்டி வாங்கித் தர்றேன். இந்த நெலமையில இனி யாரையும் நான் இதுல ஏத்த மாட்டேன் பாய்."

"அதுவும் சரிதான்" என்று அவர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, சாமான் பேர்களை எழுத அட்டைத் துண்டு ஒன்றைத் தேடினார். அமலோற்பவம் குனிந்து ஷட்டரைத் தாண்டி வெளியே வந்தாள். சுவரோரம் ஒரு சாண் நிழல் இருந்தது. அதில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு ஒச்சம்மாளின் எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் அடித்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க டீச்சர்." அடங்கின குரல். "இருங்க, புள்ளைக இப்பத்தான் கண்ணசருதுக. வெளிய வந்துர்றேன்." கதவு சாத்துகிற சத்தம். "ம், சொல்லுங்க."

"ஒச்சம்மா, வண்டிய இன்னிக்குத்தான் பிரிச்சுப் பாத்தோம்." நிறுத்தினாள். "பிரிச்சதுதான் இன்னிக்கு. எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூணாவது கியர் தேஞ்சு போயி நிக்க மாட்டேங்குதுன்னு. அன்னிக்குக் கணவாயில அது தானா வெளிய வந்துச்சு. நீங்க முழுசாப் போடலன்னு நான் சொன்னது பொய்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழந்தை இருமியது.

"அப்ப நான் சரியாத்தான் போட்டேனா?"

"சரியாத்தான் போட்டீங்க. உங்க கைமேலதான் என் கை இருந்துச்சு. முழுசாப் போயி உக்காந்துச்சு, எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு."

"மூணு வாரமா இந்தக் கையப் பாத்துப் பாத்துத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன் டீச்சர்." ஒச்சம்மாளின் குரல் ஏறியது, உள்ளே தூங்குகிற பிள்ளைகளை நினைத்து மறுபடி இறங்கியது. "வண்டிய வித்துரலாம்னு இவரு ஆளுககிட்டச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம பாக்க வர்றாக. எனக்கு வராதான்னு கேட்டேன்ல அன்னிக்கு? வாயத் தொறக்கலையே நீங்க."

"பயந்து போயிருந்தேன்."

"நீங்களா?"

"ஆமா. நான்தான். தப்பு ஒச்சம்மா, பெரிய தப்பு."

ஒச்சம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா கோபமா என்று தெரியவில்லை. அமலோற்பவம் எதையும் சேர்த்துச் சொல்லாமல் காத்திருந்தாள். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகிற சத்தம் மட்டும் தனியாகக் காதில் விழுந்தது.

"உங்க வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"சரி."

"சரின்னு போனை வச்சிராதீங்க. எங்க வண்டி சும்மாத்தானே நிக்குது. அதுல கியரு நல்லாத்தான் இருக்கு, அவரு பாத்துப் பாத்து ஓட்டுன வண்டி. அந்த ஆளுக வர்றதுக்கு முன்னாடி நாளைக்கு வந்து அதுல சொல்லிக் குடுங்க. கணவாய்க்கே போவோம்."

"வர்றேன்."

"அதுல உங்க பக்கம் பிரேக்கு கெடயாது டீச்சர். பயமா இருக்காதா?"

அமலோற்பவம் தன் வலது பாதம் செருப்புக்குள் விறைத்துத் தரையை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதை மெல்லத் தளர்த்தினாள்.

"இருக்கும்" என்றாள். "எத்தனை மணிக்கு வரட்டும்?"